உப்பளத்தில் ஒரு திதி

கோடியக்கரைக்கு நாம் முதன்முறை சென்றது ஒரு தை அமாவாசையன்று. சமுத்திர ஸ்நானத்தின் புண்ணியத்தைக் கருதிச் சென்றோம் என்று எழுதினால் நம்மை அறிந்த வாசகர்கள் நம்பமாட்டார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். அந்தக் காட்டில் வெளிமான்கள் துள்ளித் திரிகின்றன என்றும், அதற்கு மேற்கேயுள்ள சதுப்பு நிலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன என்றும் கேள்விப்பட்டிருந்தோம். அவற்றைப் பார்க்கும் ஆசைதான் நம்மை இழுத்துச் சென்றது.

தேசப் படத்தில் சோழ நாட்டுக் கரையை விரலால் தடவிக்கொண்டு வாருங்கள். வடக்கேயிருந்து நேராகத் தெற்கு நோக்கி வரும் கரை ஓரிடத்தில் சட்டென்று மேற்கே மடங்கிவிடுகிறது. அந்த மூலைதான் கோடியக்கரை. அதற்குக் கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக்கு நீரிணை. அப்பால் இலங்கை. நிலம் முடிகிற இடமாகையால் கோடி என்ற பெயர் அதற்கு மிகவும் பொருந்தும். இராமபிரான் இலங்கையை முதலில் நோக்கியது இங்கிருந்துதான் என்பது ஐதீகம். ஆகவே ஆதி சேது என்றும் சொல்லுகிறார்கள். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் திரள் திரளாக வந்து கடலில் மூழ்கிப் பிதிர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள்.

அன்று மான்கள் கண்ணில் படவில்லை. அவ்வளவு கூட்டத்தைக் கண்ட எந்த மான்தான் வெளியே வரும்? ஆகவே நாம் கரையில் நின்று மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். முழங்கால் அளவுத் தண்ணீரில் வரிசை வரிசையாக நின்றார்கள். தந்தை பெயர், பாட்டனார் பெயர், பாட்டனாருக்குத் தந்தையின் பெயர் என்று மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லித் தண்ணீர் விடவேண்டும். மூன்றாவது பெயரில் பலரும் தடுமாறினார்கள். ஒரு வாலிபர் கரையிலிருந்த தம் தாயாரை நோக்கி, "அம்மா, தாத்தாவோட அப்பா பேரு என்ன?" என்று கூவினார். அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை. நான்காவது தலைமுறையைப் பெயர் சொல்லி அழைக்கும்படி சாஸ்திரமே கேட்பதில்லை. எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரு கை நீர் உண்டு. தாயில்லாதவர், தந்தையில்லாதவர், சிநேகிதரோ பந்துக்களோ இல்லாதவர், பெயர் சொல்ல யாருமற்றவர், அத்தனை பேரும் இதனால் திருப்தியடையட்டும் என்று விடுகிற நீர் அது. நமது வைதிக கர்மங்களில் இதைவிட உயர்ந்த கட்டம் வேறு உண்டா என்பது நமக்குச் சந்தேகமே.

ஈர வேஷ்டியைப் பிழிந்துகொண்டு நம்மருகே வந்து நின்றார் ஒரு பெரியவர். உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர் என்று பேச்சில் தெரிந்தது.

"ஐயாவுக்கு எந்த ஊரு? வேடிக்கை பார்க்க வந்தீங்களா?"

"ஆமாம் பெரியவரே. மான் பார்க்க வந்தோம்."

"மான் எங்கே போயிடப் போவுது? சித்திரை மாசம் பதினேழாம் தேதி வாங்க. அகஸ்தியன்பள்ளி உப்பளத்துலே ஒரு திதி நடக்கும். அதையும் பார்த்துட்டுப் போவலாம்."

யாருடைய திதி என்று கேட்டோம். "சண்டை போட்டவங்களுக்கு" என்றார் அவர்.

சண்டையில் ஈடுபட்டு மறைந்தவர்களுக்கு மரியாதை செய்வது தமிழருக்குப் புதிதன்று. போரில் விழுந்த வீரனுக்குக் கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரையில் தொல்காப்பியம் முறை வகுத்திருக்கிறது. தர்மபுரிப் பக்கமும் செங்கம் பக்கமும் இன்றும் வயல் நடுவே நடுகற்கள் நிற்கின்றன. காவேரி வண்டலிலோ மருந்துக்குக்கூடக் கல் கிடையாது. கோயிலுக்கு வேண்டிய கல்லையே வெளியிலிருந்துதான் இழுத்து வரவேண்டியிருந்தது. பிற்காலத்தில் இங்கிலீஷ் சர்க்கார் 1914-ஆம் வருஷத்து மகா யுத்தத்துக்காகத் தமிழ் நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் சலவைக் கல் பதித்தார்கள். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்று எண்ணிக்கை மட்டும் அதில் இருக்கும்; பெயர் இராது. சென்னைக் கோட்டைக்கு அருகில் கடற்கரைச் சாலையில் வட்டமான யுத்த ஞாபகச் சின்னம் ஒன்றும் உண்டு. அங்கே மலர் வளையமும் ஊதுகொம்பும் உண்டென்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் உப்பளத்தில் என்ன சண்டை?

விஷயம் பிடிபட நமக்குச் சற்று நேரமாயிற்று. பிடிபட்டதும் நமக்கே வெட்கமாகவும் இருந்தது. சித்திரை 17 என்பது ஏப்ரல் 30. ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு எடுத்த நாள்!

அந்த ஏப்ரல் 29-ஆம் தேதி திருத்துறைப்பூண்டியில் இறங்கி, வேதாரண்யத்துக்குப் பஸ் ஏறினோம். ரயிலும் உண்டு. பழைய சிறு பாதையை எடுத்துவிட்டு அகல ரயில் பாதை போட்டு, 2023-ல் அகஸ்தியன்பள்ளி வரையில் மறுபடி வண்டி விட்டிருக்கிறார்கள். ஆனால் நாம் ரஸ்தாவையே விரும்பினோம். அந்தப் படை தகட்டூர் வழியாக நடந்து சென்ற வழி இதுவல்லவா?

அந்தக் கதையை நமது வீடுகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆயினும் இளைஞர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். 1930 மார்ச்சு 12-ஆம் தேதி காந்தி மகான் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். தமிழ் நாட்டுக்கு அந்தப் பொறுப்பு ராஜாஜியின்மேல் விழுந்தது. நூறு பேர் அளவில் தொண்டர்களைப் பொறுக்கியெடுத்து, ஏப்ரல் 13-ஆம் தேதி விடியற்காலையில், திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து அவர் புறப்பட்டார். அன்று பிரமோதூத வருஷப் பிறப்பு. ஜாலியன் வாலா பாக் படுகொலை நடந்து பதினோரு வருஷம் பூர்த்தியான தினமும் அதுவே. அந்தப் படைக்கென்றே நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை பாட்டு எழுதிக் கொடுத்தார். கத்தியும் ரத்தமும் இல்லாத யுத்தத்தைப் பற்றிய அந்தப் பாட்டு எதுவென்று நாம் சொல்லவேண்டியதில்லை.

தஞ்சாவூர் ஜில்லாவுக்கு அப்போது கலெக்டர் தார்ன் துரை. அவர் கெட்டிக்காரர். படையைத் தடியால் அடித்தால் பத்திரிகையில் வரும். பட்டினி போட்டால் வராது என்று கணக்குப் போட்டார். தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தங்க இடம் கொடுக்கிறவர்களுக்கும் இந்தியன் பீனல் கோடு 157-ஆவது செக்‌ஷன்படி ஆறு மாதம் சிறை என்று துண்டுப் பிரசுரம் போட்டும் பறை அறைந்தும் கிராமந்தோறும் தெரிவித்தார். தார்ன் என்றால் இங்கிலீஷில் முள். முள்ளும் நெருஞ்சியும் சுதந்திர வெள்ளத்துக்கு அணையாகுமா என்று ராஜாஜி அதை வைத்தே ஒரு சிலேடை செய்தார். துரை செய்த உபகாரம் ஒன்று உண்டு. பத்திரிகையே வராத கிராமத்திலும் படை வரும் செய்தி அவருடைய பறையினால் பரவிவிட்டது!

படை தஞ்சாவூரையும் கும்பகோணத்தையும் கடந்து மன்னார்குடி வழியாக வந்தது. பகலில் ஊராரைக் காணோம். ஆனால் சாலையோரத்து மரக் கிளைகளில் கட்டுச் சோற்று மூட்டைகள் தொங்கின. காவேரிக் கரை மணலில் சோற்றுப் பானைகள் புதைந்திருந்தன. யார் கட்டினார்கள், யார் புதைத்தார்கள் என்று போலீஸாருக்கும் தெரியவில்லை. இன்று நமக்கும் தெரியாது. வெளிப்படையாகவே விருந்து வைத்தவர்களும் உண்டு. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தம் வீட்டில் படையைத் தங்கவைத்து உபசரித்துவிட்டு, அதற்காகச் சிறைக்குச் சென்றார். சோறு போடுவதற்குப் பெயர்போன சோழ நாட்டில், சோறு போட்டதற்காக ஒருவர் சிறை சென்றார் என்பதை நினைத்துப் பாருங்கள்! அந்த ஜில்லாவில் சர்க்காரிடம் விசுவாசம் என்று ஒன்று இருந்திருந்தால் அது இப்போது அற்றுவிட்டது என்ற கருத்தில் தார்ன் துரையே மேலிடத்துக்கு எழுதும்படி ஆயிற்று.

நாம் பஸ்ஸில் போகும்போது இருபுறமும் மரங்களைப் பார்த்துக்கொண்டே சென்றோம். 1930-ல் இருந்த மரம் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று ஓர் ஆசை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்தில்தான் கரையேறிற்று. தென்னையும் மாவும் புளியும் வேரோடு சாய்ந்த நிலம் இது. ஆகவே அந்த ஆசையைக் கைவிட்டோம்.

வேதாரண்யம் நகரத்துக்கு இரண்டு கீர்த்தி உண்டு. ஒன்று கோயில். திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று பழமொழியே இருக்கிறது. அணையவிருந்த விளக்கைத் தற்செயலாகத் தூண்டிவிட்ட எலி மறு பிறவியில் மகாபலியாகப் பிறந்ததாம். வேதங்கள் அடைத்து வைத்த கதவை அப்பர் பாடித் திறந்ததும் சம்பந்தர் பாடி அடைத்ததும் இங்கேதான். மற்றொரு கீர்த்தி சர்தார் வேதரத்தினம் பிள்ளை. 1930-ல் ராஜாஜியை இந்த ஊருக்கு வரும்படி அழைத்துப் படைக்கு வேண்டிய வசதியெல்லாம் செய்தவர் அவர். அவரே உப்பளச் சொந்தக்காரர். சர்க்காரின் கோபம் தம் சொத்தின்மேல் பாயும் என்பதை நன்கறிந்தே செய்தார். பாயவும் பாய்ந்தது. சிறை, பறிமுதல் எல்லாம் வந்தன. 1946-ல் கஸ்தூர்பா அம்மையின் பெயரால் பெண் குழந்தைகளுக்கு ஒரு குருகுலம் நிறுவினார். அவர் 1961-ல் காலமானார், குருகுலம் இருக்கிறது.

ஆனால் அன்றிரவு சாப்பாட்டுக் கடையில் நம்மோடு பேசிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் அதிகமாகப் பேசியது சர்தாரைப் பற்றியுமல்ல, ராஜாஜியைப் பற்றியுமல்ல. வைரப்பன் என்ற நாவிதரைப் பற்றி. சத்தியாக்கிரகம் நடந்த நாட்களில் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு க்ஷவரம் செய்வதில்லை என்று அவ்வூர் நாவிதர்கள் தீர்மானித்தார்கள். சாதாரண உடையில் வந்து உட்கார்ந்த ஒருவருக்கு வைரப்பன் பாதி முகம் வழித்திருந்தார். அப்போதுதான் வந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை மடக்கி வைத்துவிட்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. மிச்சத்தையும் வழித்துவிடு, இல்லையென்றால் சிறை என்றாராம் மாஜிஸ்டிரேட். அப்படியானால் தாங்களே வழித்துவிடுங்கள் என்று கத்திப் பெட்டியை அவர் முன் நீட்டினாராம் வைரப்பன்! பெட்டியை நீட்டிய பகுதியை நமக்குச் சொன்ன மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். சிறைக்குப் போனார் என்பதில் மட்டும் மூவருக்கும் பேதமில்லை.

"அவருக்கு என்னங்க, கெஞ்சிக் கூத்தாடி மன்னிப்புக் கேட்டிருந்தா விட்டிருப்பாங்க" என்றார் ஒருவர். மற்றவர், "பாதி மூஞ்சியோட அந்த ஆளு ஸ்டேஷனுக்குப் போயிருப்பாரே, அதை நினைச்சுப் பாருங்க" என்றார். கடை முழுவதும் சிரித்தது. தொண்ணூறு வருஷத்துக்குமேல் ஆன ஒரு ஹாஸ்யத்துக்கு ஓர் ஊர் இன்னும் சிரிக்கிறது என்றால், அதுவும் ஒரு ஞாபகச் சின்னந்தானே?

மறுநாள் காலையில் நினைவுக் கட்டடத்தின் முன்பு கூட்டம் சேர்ந்தது. கூட்டம் என்று நாம் சொல்லுவதை வாசகர்கள் தை அமாவாசைக் கூட்டத்தோடு ஒப்பிடக் கூடாது. கதர்க் குல்லா அணிந்த முதியவர்கள், கட்சித் தலைவர்கள், பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தைகள், சில பத்திரிகை நிருபர்கள். வருஷந்தோறும் ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து நினைவு யாத்திரை புறப்பட்டு இங்கு வந்து சேருகிறது. அதில் வந்தவர்கள் வெயிலில் கறுத்த முகத்தினால் தனியாகத் தெரிந்தார்கள். கொடி முன்னே சென்றது. தேசிய கீதங்களைப் பாடிக்கொண்டு எல்லோரும் தெற்கு நோக்கி நடந்தார்கள். நாமும் நடந்தோம்.

அகஸ்தியன்பள்ளிக்கு இரண்டு மைல் அளவு இருக்கும். கைலாயத்துத் திருமணத்தை அகஸ்தியர் காணப்பெற்ற தலம் என்பார்கள். வீடுகள் குறையக் குறைய வெளிச்சம் அதிகமாயிற்று. பிறகு திடீரென்று இருபுறமும் உப்புப் பாத்திகள். கண் கூசுகிற வெண்மை! சுமார் ஒன்பதாயிரம் ஏக்கரில் இங்கே உப்பு விளைகிறது என்றும், தமிழ் நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி இதுதான் என்றும் சொல்லுகிறார்கள். சித்திரை வெயில்தான் உப்புக்கு நல்ல வேளாண்மைக் காலம். நெல்லுக்கு மழை வேண்டி ஆகாயத்தைப் பார்க்கும் இந்த ஜில்லாவில், மழை வேண்டாம் என்று ஆகாயத்தைப் பார்க்கிறவர்கள் இவர்கள் மட்டுமே.

1930 ஏப்ரல் 30-ல் ராஜாஜி விடியுமுன் சில தொண்டர்களோடு இந்தப் பக்கமாகவே வந்து, எடந்தேவர் என்னும் உப்புத் தரையில் உப்பை அள்ளினார். போலீஸார் காத்திருந்து கைது செய்தார்கள். ஆறு மாதம் சிறை, 200 ரூபாய் அபராதம். பிறகு நாள்தோறும் தொண்டர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். கைக்குள் இறுகப் பிடித்த உப்பை விடுவிக்கப் போலீஸார் அந்தக் கைகளின்மேல் அடித்தார்கள். ருக்மணி லக்ஷ்மிபதி அம்மாள் இங்கே உப்பெடுத்துச் சிறை சென்றார். விருதுநகரிலிருந்து வந்த காமராஜர் என்ற இளைஞருக்கு இரண்டு வருஷம் தண்டனை கிடைத்து, கல்கத்தா அலிப்பூர் சிறைக்கு அனுப்பப்பட்டார். அடுத்த வருஷம் காந்தி-இர்வின் ஒப்பந்தத்தினால் விடுதலையானார். கடற்கரைவாசிகள் சொந்த உபயோகத்துக்கு உப்பெடுக்கலாம் என்று அந்த ஒப்பந்தம் அனுமதித்தது. உப்பு வரியே ஒழிந்தது 1947-ல்.

ஸ்தூபி பெரிதல்ல. பாத்திகளுக்கு நடுவே, சாலையோரத்தில் நிற்கிறது. மாலை போட்டார்கள், மலர் தூவினார்கள். தண்டியில் 2019-ல் திறந்த ஞாபகச் சின்னத்தில் காந்திஜியோடு சென்ற எண்பது பேருக்கும் தனித்தனியே சிலை இருக்கிறது. ஒவ்வொருவர் முகத்தையும் தேடித் தெரிந்துகொண்டு வடித்தார்களாம். இங்கே அப்படியில்லை. தியாகிகள் என்ற ஒரே சொல்லில் அத்தனை பேரும் அடங்கிவிடுகிறார்கள். முதலில் நமக்கு அது குறையாகவே பட்டது.

பிறகு பிரசங்கங்கள். அவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிரசங்கிகள் வெயிலை மறந்தார்கள், குழந்தைகள் மறக்கவில்லை.

கடைசியில் உப்பு எடுக்கும் சடங்கு வந்தது. வரிசையாகக் குனிந்து ஆளுக்கு ஒரு பிடி அள்ளினார்கள். தலைவர்கள் அள்ளும்போது புகைப்படக்காரர்கள், "இன்னொரு தரம், ஐயா" என்றார்கள். தலைவர்கள் இன்னொரு தரம் அள்ளினார்கள். 1930-ல் ஒரு தரம் அள்ளுவதற்கே அடி வாங்கவேண்டியிருந்தது. இதைக் கண்டு நமக்குச் சிறிது கசப்பு உண்டானதை மறைக்கவில்லை. சட்டம் தடுக்காத உப்பை, யாரும் பிடுங்க வராத உப்பை அள்ளுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தபடி பின்னால் ஒதுங்கி நின்றோம்.

அப்போதுதான் தை மாதத்துப் பெரியவரைப் பார்த்தோம். கூட்டத்துக்கு வெளியே வரப்பின்மேல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. பேரனின் மகள் என்றார்.

"வந்துட்டீங்களே ஐயா! திதி எப்படி?"

கசப்பை அவரிடம் சொன்னோம். அவர் சிரித்தார். "படம் எடுக்காட்டி அவங்க வரமாட்டாங்க. அவங்க வராட்டி இவ்வளவு கொழந்தைங்களை யாரு கூட்டியாருவாங்க?" என்றார். இந்தத் தர்க்கத்துக்கு நம்மிடம் பதில் இல்லை.

அவருடைய தகப்பனார் சத்தியாக்கிரகத்தில் இருந்தாரா என்று கேட்டோம். இல்லையாம். அளத்தில் கூலி வேலை; காலையில் போனால்தான் இரவில் அடுப்பு எரியும். "ஆனா தண்ணி கொடுத்தாங்களாம். அப்பா சொல்லுவாங்க. தொண்டர்கள் வர்ற வழியிலே ஒரு பானையை வச்சுட்டு, திரும்பிப் பார்க்காம வந்துடுவாங்களாம். பார்த்துட்டா சாட்சி ஆயிடுமில்லே?"

அவர் தகப்பனாரின் பெயர் எந்த ஜாபிதாவிலும் இல்லை. தாமிரப் பட்டயம் இல்லை, பென்ஷன் இல்லை. மரத்தில் சோறு கட்டியவர்களுக்கும் இல்லை. சிறை சென்றவர்களுக்கு ஜெயில் ரிஜிஸ்தர் உண்டு. பானை வைத்தவர்களுக்கு என்ன ரிஜிஸ்தர்? தை அமாவாசையன்று நாம் கண்ட கடைசிக் கை நீர் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. பெயர் சொல்ல யாருமற்றவர்களுக்கு விடுகிற நீர் அது. தியாகிகள் என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிட்ட ஸ்தூபியின்மேல் நமக்கிருந்த குறை அத்துடன் போயிற்று.

நாம் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1930-ல் இருபது வயதானவர் இன்று பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்குக் கொள்ளுப் பாட்டன் முறையாவார். பெயர் சொல்லித் தண்ணீர் விடக்கூடிய கடைசித் தலைமுறை அதுதான். ராஜாஜி 1972-லும் காமராஜர் 1975-லும் மறைந்தார்கள். அவர்களுக்குப் பெயர் சொல்ல நாடே இருக்கிறது. மற்றவர்கள் இன்னும் ஒரு தலைமுறையில் பெயரில்லாத பிதிர்களோடு சேர்ந்துவிடுவார்கள். இந்தச் சிறு ஊர் வருஷந்தோறும் வெயிலில் இரண்டு மைல் நடந்து இந்தக் காரியத்தைச் செய்வது அந்த எல்லைக்கு இப்பால் நின்றுகொண்டுதான்.

சிறுமி இதற்குள் பாத்தி ஓரத்தில் இறங்கி ஒரு பிடி உப்பை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். விரல்களை இறுக மூடியிருந்தாள். பெரியவர் அவள் கையைத் தட்டி, "விடு பாப்பா, விடு" என்றார் விளையாட்டாக. அவள் இன்னும் இறுக்கினாள். அவர் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க முயன்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். "பார்த்தீங்களா? இதை எங்க அப்பாரு எனக்குச் செஞ்சாரு. இந்த வெளையாட்டுதான்" என்றார் நம்மிடம். பிறகுதான் நமக்கும் ஒரு பிடி எடுத்துக்கொள்ளத் தோன்றிற்று. கைக்குட்டையில் முடிந்துகொண்டோம்.

கூட்டம் கலைந்தது. கார்கள் வடக்கே போயின. பாத்திகளில் அன்றும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. பெண்கள் உப்புக் கூடையைத் தலையில் சுமந்து அம்பாரத்துக்கும் பாத்திக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் ஸ்தூபிக்கு வரவில்லை. அழைத்தார்களா என்று கேட்டதற்குப் பெரியவர், "அவங்க விடியுமுன்னேயே உப்பெடுத்துட்டாங்க" என்றார். ஹாஸ்யமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. கஜா புயலில் பாத்திகள் முழுவதும் சேறு படிந்து, வேலையில்லாமல் மாதக்கணக்கில் இருந்தார்கள் இவர்கள். அடுத்த ஏப்ரலில் தலைவர்களின் கையில் ஒரு பிடி உப்பை வைப்பதும் இவர்கள்தான். அவர்களையும் ஸ்தூபிக்கு முன்னால் நிற்கவைத்து ஒரு மாலையை அவர்கள் கையால் போடச் செய்தால் என்ன? செய்தால் நன்றாயிருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

மாலையில் கோடியக்கரைக்கே போனோம். வேதாரண்யத்திலிருந்து ஏழு மைல். வழியில் கோடிக்காட்டில் குழகர் கோயில். சுந்தரமூர்த்தி நாயனார் இங்கு வந்தபோது, ஆளரவமற்ற கடற்கரையில் இறைவன் தன்னந்தனியே கோயில் கொண்டிருப்பதைக் கண்டு மனம் வருந்திப் பாடினார். துணையில்லாமல் இங்கே இருக்கிறீரே என்று சிவபெருமானைக் கேட்ட கவி உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஊரார் காட்டிவந்த செங்கல் கட்டடம் ஒன்றும் கடலோரத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி அதைக் கொண்டு போய்விட்டது. தை அமாவாசையன்று ஜன சமுத்திரமாக இருந்த கரையில் அன்று ஒருவருமில்லை. காட்டின் ஓரத்தில் இரண்டு மான்கள் தலையைத் தூக்கி நம்மைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின. ஆக, மானையும் பார்த்தாயிற்று.

வீட்டுக்கு வந்து கைக்குட்டையை அவிழ்த்தபோது உப்பு சிறிது கசிந்து, சாம்பல் நிறமாக இருந்தது. இதைப் பூஜை அறையில் வைப்பதா, சமையலறையில் வைப்பதா என்று வீட்டில் ஒரு விவாதம் எழுந்தது. நாம் பூஜை அறைக் கட்சி. குழந்தைகள் இரு கட்சியிலும் சேராமல், முடிச்சிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியது சமையலறைக்குப் போயிற்று. மறுநாள் ரசத்தில் உப்பு சற்றுத் தூக்கலாகவே இருந்தது.